துடுப்பு யந்திரத்தின் ஆயுட்கணக்கு

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் ரவீந்திர சரோவரம் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. இஃது இயற்கையாய் அமைந்த நீர்நிலை அன்று. சதுப்பாகக் கிடந்த நிலத்தை 1920-களில் கல்கத்தா நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பு வெட்டி ஏரியாக்கியது. வெட்டியெடுத்த மண் சுற்றுப்புறத் தாழ்நிலங்களை உயர்த்தப் பயன்பட்டது. டாக்குரியா ஏரி என்று வழங்கி வந்த அதற்கு 1958-ஆம் ஆண்டில் ரவீந்திரநாத் தாகூரின் பெயர் சூட்டப்பட்டது. மொத்தப் பரப்பாகிய 192 ஏக்கரில் 73 ஏக்கர் நீர்ப்பரப்பு. விடியற்காலையில் அங்குச் செல்வோர், ஒடுங்கி நீண்ட பந்தயப் படகுகள் அம்புபோல் நீரைக் கிழித்துச் செல்வதைக் காணலாம்.

நம் நாட்டில் துடுப்புப் படகு விளையாட்டின் பழைமையான இருப்பிடங்களுள் கொல்கத்தா ஒன்று. கல்கத்தா ரோயிங் கிளப் 1858-இல் தோன்றியது. சென்னை அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தோன்றியது. முதலில் கல்கத்தாக் கழகத்தினர் ஹூக்ளி ஆற்றிலேயே படகு வலித்தனர். கடலிலிருந்து ஏறிவரும் ஓதமும், போக்குவரத்துக் கலங்களின் நெருக்கமும் உள்ள அந்த ஆற்றை விட ஏரி ஏற்றதாயிருந்தமையால், கழகம் பிற்காலத்தில் ஏரிக்கரைக்கு இடம் பெயர்ந்தது.

ஆயினும் ஏரியும் எக்காலத்தும் அமைதியாய் இருப்பதில்லை. பங்குனி முதல் வைகாசி வரை, வங்காளத்தில் மாலை வேளைகளில் ‘கால்பைசாகி’ என்னும் புயற்காற்று வடமேற்கிலிருந்து திடீரென எழும். 2022-ஆம் ஆண்டு மே 21 அன்று அத்தகைய காற்றில் இவ்வேரியில் படகு கவிழ்ந்து, பயிற்சியில் இருந்த பள்ளி மாணவர் இருவர் உயிரிழந்தனர். அதன்பின் அங்குப் படகுப் பயிற்சி சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. பாதுகாப்பு விதிகள் ஆராயப்பட்டன. வானிலை ஐயத்திற்குரியதாய் இருக்கும் நாளில் நீரில் இறங்காமலிருப்பதே அறிவுடைமை. அந்நாட்களில் பயிற்சி தடைப்படாமல் காப்பது, கரையில் நிற்கும் துடுப்பு யந்திரமேயாகும்.

கரையில் உள்ள யந்திரத்திற்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. அதனைப் பேணுவதற்குத் துணையாகும் ஓர் எண்ணைப் பற்றியதே இக்கட்டுரை. இதுகாறும் அந்த யந்திரம் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதைக் கூறும் மொத்தக் கணக்கே அந்த எண்.

யந்திரத்தின் அமைப்பு

இன்று படகுக் கழகங்களில் பெரிதும் காணப்படும் துடுப்பு யந்திரம், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் உள்ள கான்செப்ட்-2 நிறுவனத்தின் வகையைச் சேர்ந்தது. 1981-இல் வெளிவந்த அதன் முதல் மாதிரியின் முக்கிய உறுப்பு, விசிறித் தகடுகள் பொருத்திய ஒரு சைக்கிள் சக்கரமே. சைக்கிளில் வேகத்தையும் தூரத்தையும் காட்டும் மானியே அதன் கணக்குக் கருவியாகவும் இருந்தது. 1986-இல் வந்த இரண்டாம் மாதிரியில்தான் மின்னணு அளவுகாட்டி இடம் பெற்றது. அதனை வழக்கில் ‘மானிட்டர்’ என்கின்றனர்.

பயிற்சி செய்பவர், தண்டவாளத்தின்மேல் உருளும் இருக்கையில் அமர்ந்து, கால்களை உந்திக் கைப்பிடியை இழுக்கிறார். கைப்பிடியோடு இணைந்த சங்கிலி, பல்சக்கரத்தின் வழியே கனத்த சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. சக்கரத்தில் உள்ள தகடுகள் காற்றைத் தள்ளுகின்றன. அக்காற்றின் எதிர்ப்பே நீரின் எதிர்ப்பிற்கு ஈடாக நிற்கிறது. இழுப்பு முடிந்ததும், மீள்தன்மையுள்ள ஒரு கயிறு சங்கிலியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒருவர் நிமிடத்திற்கு 25 முறை வலிப்பதாகக் கொண்டால், 50 மணி நேரத்தில் சங்கிலி 75,000 முறை வெளியே வந்து உள்ளே செல்லும். தேய்மானம் எங்கே பிறக்கிறது என்பது இதனால் விளங்கும்.

எண் பிறக்கும் விதம்

சுழலும் சக்கரத்தோடு காந்தத் துண்டுகள் சுழல்கின்றன. அவை அருகிலுள்ள கம்பிச் சுருளைக் கடக்கும்போதெல்லாம், ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதிப்படி, சுருளில் சிறு மின்துடிப்பு தோன்றுகிறது. அளவுகாட்டி அத்துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கிறது. துடிப்புகள் நெருங்கி வந்தால் சக்கரம் விரைகிறது. விலகி வந்தால் தளர்கிறது.

இங்கு ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பயிற்சியாளர் இழுத்து முடித்து முன்னே வரும் இடைவேளையில், சக்கரம் காற்றின் தடையால் தானே வேகம் குறைகிறது. சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் முன்னரே தெரிந்த அளவு. ஆதலால், வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதிலிருந்து, அந்நேரத்துக் காற்றுத் தடையைக் கணித்துவிடலாம். தடை தெரிந்தால், அடுத்த இழுப்பில் மனிதன் செலுத்திய திறனையும் கணிக்கலாம். யந்திரத்தின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நெம்பு ஒன்று உள்ளது. அது காற்று புகும் வழியைத் திறந்து மூடுவது. நெம்பை எங்கு வைத்தாலும் கணக்கு பிறழாததற்குக் காரணம், ஒவ்வொரு வலிப்பிலும் தடை புதிதாக அளக்கப்படுவதேயாம். கொல்கத்தாவின் கனத்த ஈரக்காற்றிலும் மலைநகரின் மென்காற்றிலும் அது ஒரே நேர்மையுடன் கணக்கிடும்.

இவ்வாறு கிடைத்த திறனிலிருந்து, ஒரு மாதிரிப் படகு எவ்வளவு வேகத்தில் சென்றிருக்கும் என்பதை அளவுகாட்டி வருவிக்கிறது. அதற்குரிய வாய்பாடு எளியது: வேகத்தின் கனத்தை 2.80-ஆல் பெருக்கினால் திறன் கிடைக்கும். வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும், திறன் வாட் அளவிலும் கொள்ளப்படும். அவ்வேகத்தை நேரத்தோடு பெருக்கி வந்த மீட்டர்கள் பயிற்சியின் கணக்கிலும், யந்திரத்தின் மொத்தக் கணக்கிலும் ஏறுகின்றன. பயிற்சியின்போது முகப்பில் தெரிவது அன்றைய தூரம் மட்டுமே. மொத்தக் கணக்கு, அளவுகாட்டியின் தெரிவுப் பட்டியலில் உட்பகுதியில் இருக்கிறது. தேடிச் சென்றுதான் பார்க்க வேண்டும். அதனாலேயே பலர் அதனை அறியாதிருக்கின்றனர்.

மீட்டர் வேறு, உழைப்பு வேறு

மேற்கண்ட வாய்பாட்டிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. ஒருவர் 500 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் கடக்கிறார் என்க. அவருடைய வேகம் விநாடிக்கு 3.33 மீட்டர், திறன் ஏறத்தாழ 104 வாட். மற்றொருவர் அதே தூரத்தை 2 நிமிடத்தில் கடக்கிறார். அவருடைய வேகம் 4.17 மீட்டர், திறனோ ஏறத்தாழ 203 வாட். வேகம் கால் பங்கு மிகும்போது, திறன் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது.

அந்த 500 மீட்டருக்கு முதலாமவர் செய்த வேலை சுமார் 15,600 ஜூல். இரண்டாமவர் செய்தது சுமார் 24,300 ஜூல். மொத்தக் கணக்கில் இருவர் பெயராலும் ஏறுவது அதே 500 மீட்டர். ஆகவே, மொத்த மீட்டர் என்பது யந்திரம் ஓடிய அளவைக் காட்டுமேயன்றி, அதன்மேல் செலுத்தப்பட்ட ஆற்றலை முழுமையாகக் காட்டாது. எந்த எண்ணும் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று அறிந்து கையாள்வதே விஞ்ஞான மனப்பான்மை.

மேலும், இந்த மீட்டர்கள் கணக்கில் பிறந்தவை. ஏரியில் காற்று எதிர்க்கலாம். அலை படகை அசைக்கலாம். துடுப்பு சரியாக நீரில் புகாமற் போகலாம். யந்திரத்தில் இவை இல்லை. யந்திரத்தில் ஒரு லட்சம் மீட்டர் வலித்தவன் நீரில் ஒரு லட்சம் மீட்டர் வலித்தவனுக்கு ஒப்பாகான் என்பதை மாணாக்கர்க்கு நினைவூட்ட வேண்டும்.

ஆண்டு வயதும் உழைத்த வயதும்

இனி, மொத்தக் கணக்கின் தலையாய பயனுக்கு வருவோம். மணிக்கு 12 கிலோமீட்டர் என்பது 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 விநாடி என்னும் நடுத்தர வேகம். அவ்வேகத்தில் 6 லட்சம் மீட்டர் என்பது 50 மணி நேர உழைப்பு. 30 லட்சம் மீட்டர் என்பது 250 மணி நேர உழைப்பு. இந்த இரண்டு எண்களையும் மனத்திற் கொள்க. ஏறத்தாழ 50 மணி நேரத்திற்கு ஒருமுறை சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுதல் வேண்டும். ஏறத்தாழ 250 மணி நேரத்திற்கு ஒருமுறை, கைப்பிடியும் சங்கிலியும் சேரும் இடம், மீள்கயிற்றின் இழுவிசை, திருகாணிகள் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். இவ்வகை யந்திரங்களுக்குப் பொதுவாகக் கூறப்படும் பராமரிப்பு முறை இதுவே.

வீட்டில் ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் வலிப்பாராயின், 50 மணி நேரம் நிறைவதற்கு 100 நாட்கள் ஆகும். கழகத்தில் அதே யந்திரம் நாளொன்றுக்கு 4 மணி நேரம் உழைக்குமாயின், 13 நாட்களிலேயே அது நிறைந்துவிடும். இரண்டிற்கும் “மூன்று மாதத்திற்கு ஒருமுறை எண்ணெய்” என்று ஒரே விதி வகுத்தால், ஒன்றிற்கு அது சரியாகலாம். மற்றொன்றின் சங்கிலி வறண்டு தேயும். நாட்காட்டி அறியாததை மொத்தக் கணக்கு அறிகிறது.

பள்ளி ஒன்று பழைய யந்திரம் வாங்க முற்படுவதாகக் கொள்வோம். ஒன்று 9 ஆண்டுகள் பழையது. மொத்தக் கணக்கு 18 லட்சம் மீட்டர். மற்றொன்று 2 ஆண்டுகளே ஆனது. மொத்தக் கணக்கு 240 லட்சம் மீட்டர். வர்ணம் மங்காத இரண்டாவதையே கண் விரும்பும். ஆனால் முதலாவது உழைத்தது சுமார் 150 மணி நேரமே. இரண்டாவது சுமார் 2,000 மணி நேரம் உழைத்துவிட்டது. இரண்டாவதை வாங்கவே கூடாது என்பதன்று. சங்கிலி, மீள்கயிறு, இருக்கை உருளைகள் ஆகியவற்றை மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேச வேண்டும் என்பதே கருத்து. முதலாவதும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. ஈரக்காற்றில் உழைக்காமல் நின்ற சங்கிலி துருப்பிடித்திருக்கலாம். எண் கூறுவதைக் கண்ணும் கையும் சரிபார்க்க வேண்டும்.

ஓர் ஒப்புமையும் கூறலாம். ஹௌராவிலிருந்து சென்னைக்கு ரயில் வழி ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். மேற்கூறிய வேகத்தில் நாள்தோறும் 4 மணி நேரம் உழைக்கும் கழக யந்திரம், நின்ற இடத்திலேயே 35 நாட்களில் அத்தூரத்தைக் கடந்துவிடும். அவ்வளவு தூரம் ஓடிவந்த மோட்டார் வண்டியை எண்ணெய் பாராமல் மீண்டும் ஓட்டுவோமா? யந்திரம் நகராமையால் அதன் களைப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

தூசியைக் காட்டும் இரண்டாம் எண்

மொத்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னோர் எண், மேலே கூறிய காற்றுத் தடையின் அளவு. இதனைத் தடைக் குணகம் எனலாம். சக்கரத்தை மூடியுள்ள வலையில் தூசியும் பஞ்சும் அடையும்போது காற்றோட்டம் குறைகிறது. நெம்பு அதே நிலையில் இருக்க, தடைக் குணகம் தாழ்கிறது. எனவே, யந்திரம் சுத்தமாயிருந்த நாளில் நெம்பு 10-இல் எவ்வளவு தடை இருந்தது என்று குறித்து வைத்து, பின்னர் அதே நிலையில் ஒப்பிட்டால், உள்ளே சேர்ந்த தூசியை மூடியைத் திறவாமலே அறியலாம். வேகக் கணக்கு இதனாற் பிழைபடாது. ஆனால் பயிற்சி செய்பவர் உணரும் பாரம் மாறும்.

யந்திரத்தின் கணக்கும் மாணாக்கனின் கணக்கும்

மொத்தக் கணக்கு யந்திரத்திற்கு உரியது. யாரேனும் ஒருவருக்கு உரியதன்று. நாற்பது மாணாக்கர் வலித்த மீட்டர்கள் அதில் ஒன்றாய்க் கலந்துள்ளன. அதிலிருந்து இன்னாருடைய முன்னேற்றம் இவ்வளவு என்று பிரித்தெடுக்க இயலாது. தனி மனிதரின் ஆயுட்கணக்கு வேறாக எழுதப்பட வேண்டும். இக்காலத்து அளவுகாட்டியிலிருந்து பயிற்சி விவரங்களைக் கைப்பேசிக்கு அனுப்பி, ஒருவர் எத்தனை யந்திரங்களில் வலித்தாலும் தம் பெயரில் ஒரே கணக்காகச் சேர்க்க இயலும். அவ்வாறு பத்து லட்சம் மீட்டர் நிறைத்தவரைப் பாராட்டும் வழக்கமும் உண்டு. நடுத்தர வேகத்தில் அது 83 மணி நேரத்திற்குச் சற்று மிகுந்த உழைப்பு.

இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எண் ஏறுவதைக் காணும் ஆசை இளைஞரை அளவு மீறத் தூண்டக்கூடும். வளைந்த முதுகோடு வலித்த மீட்டரையும், நிமிர்ந்த முதுகோடு வலித்த மீட்டரையும் யந்திரம் ஒன்றாகவே எழுதும். முதுகைப் பார்க்க வேண்டியவர் ஆசிரியர்.

பதிவேடு வைக்கும் முறை

மொத்தக் கணக்கு அளவுகாட்டியின் நினைவில் இருப்பது. சங்கிலியிலோ சக்கரத்திலோ இருப்பதன்று. அளவுகாட்டி பழுதுற்று வேறொன்று பொருத்தப்பட்டால், பழைய யந்திரம் புதிய எண்ணோடு நிற்கும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் இன்றியமையாதது. அலுவலக ஜீப்பின் லாக் புத்தகத்தை எழுதிப் பழகிய களப்பணியாளர்க்கு இது புதிதன்று. அதில் எழுதவேண்டியவை வருமாறு:

1. தேதியும் மொத்த மீட்டரும். கழகமாயின் வாரம் ஒருமுறை, பள்ளியாயின் மாதம் ஒருமுறை.

2. எண்ணெய் இட்ட நாளும், அந்நாளைய மொத்த மீட்டரும், அடுத்த முறை எண்ணெய் இடவேண்டிய மீட்டரும். தூய கனிம எண்ணெயைத் துணியில் நனைத்துச் சங்கிலி முழுதும் தடவி, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். மசகைக் கரைக்கும் இயல்புள்ள திரவங்கள் ஆகா.

3. நெம்பு 10-இல் தடைக் குணகம்.

4. மாற்றிய உறுப்புகளும், மாற்றிய நேரத்து மொத்த மீட்டரும்.

5. அளவுகாட்டியை மாற்ற நேர்ந்தால், பழைய எண்ணின் இறுதி அளவைச் சிவப்பு மையால் எழுதி, இனிவரும் எண்ணோடு இதனைக் கூட்டிக்கொள்க என்ற குறிப்பு.

மொத்தத்தை அவ்வப்போது எழுதிவந்தால் வேறொரு நன்மையும் உண்டு. இரண்டு எண்களின் வேறுபாடு, இடைக்காலத்து உபயோகத்தைக் கூறும். தேர்வுக் காலத்தில் யந்திரம் சும்மா கிடந்ததா, கால்பைசாகி வீசும் மாதங்களில் உபயோகம் மிகுந்ததா என்பவை அதிலிருந்து தெளிவாகும். பயிற்சி நேரத்தை வகுப்பதற்கும், இன்னொரு யந்திரம் வேண்டுமென்று கேட்பதற்கும் அதுவே சான்றாகும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

துடுப்பு யந்திரம் இல்லாத பள்ளியிலும் இக்கருத்தை விளக்கலாம். 28 அங்குல சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர். அதன் கம்பி ஒன்றில் சிறு காந்தத்தைக் கட்டுக. காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சு ஒன்றைச் சட்டத்தில் பொருத்தி, அதன் இரு கம்பிகளையும் பழைய கணக்குப்பொறி ஒன்றின் ‘சமம்’ பொத்தானின் இரு தொடுமுனைகளோடு இணைக்க. 1, கூட்டல் என்று அழுத்திவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினால், பெரும்பாலான கணக்குப்பொறிகள் சுற்றுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். 448 என்று காட்டும்போது சக்கரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கும். பின்னர் கணக்குப்பொறியை அணைத்துப் போடச் சொல்லுங்கள். எண் மறைந்துவிடும், சக்கரம் ஓடியது ஓடியதே. பதிவேடு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இம்முறை பழைமையானது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியச் சிற்பி விட்ரூவியஸ், வண்டி ஒரு மைல் செல்லுந்தோறும் ஒரு கூழாங்கல் பெட்டியில் விழும் பொறியை விவரித்துள்ளார். கப்பலின் பக்கங்களில் தகடுகள் உள்ள சக்கரங்களைப் பொருத்தி, நீரிற் சென்ற தூரத்தைக் கற்களால் எண்ணும் முறையையும் அவர் கூறியிருக்கிறார். மாலையில் பெட்டியைத் திறந்து கற்களை எண்ணினால் பகலின் பயணம் தெரியும். இன்று கல்லுக்குப் பதில் மின்துடிப்பு வந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கும் கடமை மட்டும் மனிதனிடமே இருக்கிறது.

வயலில் உள்ள பம்பு, டிராக்டர், ஆய்வுக்கூடத்து மோட்டார் ஆகிய யாவற்றிற்கும் இது பொருந்தும். யந்திரம் ஆண்டுகளால் மட்டும் மூப்பதில்லை, உழைப்பினாலும் மூக்கிறது. வலிக்கும் மாணவன் தன் முழு எடையையும் பின்னே சாய்த்துச் சங்கிலியை நம்பி இழுக்கிறான். அந்தச் சங்கிலி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அவனை அமர்த்தும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். எண் அளவுகாட்டிக்குள் ஆயத்தமாக இருக்கிறது. நாளைக் காலை, முதல் மாணவன் அமர்வதற்கு முன், அதைப் பார்த்து எழுதிவிடலாம்.